பசித்த நாட்டில் இயற்கை விவசாயம் – கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம். நான் கோத்தகிரி பக்கம். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். அப்பா குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறார், நான் வேளாண்மை படிக்கிறேன். 2021இல் இலங்கையில் ரசாயன உரத்தைத் தடை செய்தபோது நுவரெலியாவில் எங்கள் அத்தை வீட்டில் கிழங்கு பாதிகூட விளையவில்லை. "வயிறு நிறைந்தவன்தான் இயற்கை விவசாயம் பேசுவான், ஏழை நாட்டுக்கு யூரியாதான் சோறு போடும்" என்கிறான் அறைத்தோழன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. இலங்கையில் ஏப்ரலில் தடையை அறிவித்தார்கள், நவம்பரில் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் அரிசியையே வெளியிலிருந்து வாங்கும் நிலை வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு 100 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ மக்கு எருவில் ஒன்று, ஒன்றரை கிலோ தழைச்சத்துதான் இருக்கும், அதுவும் ஒரே போகத்தில் முழுசாகப் பயிருக்குக் கிடைக்காது. ஆக, ஹெக்டேருக்குப் பத்து டன் எருவாவது வேண்டும். நாடு முழுக்க அதை ஒரு போகத்துக்குள் யார் கொண்டுவந்து கொட்டுவது? மாடு, பசுந்தாள், மண் எல்லாம் சேர்ந்து பல வருடத்தில் செய்ய வேண்டியதை ஒரு அரசாணையில் முடிக்கப் பார்த்தார்கள். உங்கள் அத்தை அனுபவித்தது அதைத்தான்.

ஆனால் எல்லா விவசாயியையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. 2006இல் ஆப்பிரிக்க நாடுகள் நைஜீரியாவின் அபுஜாவில் கூடி, ஹெக்டேருக்கு 8 கிலோவாக இருந்த உரப் பயன்பாட்டை 2015க்குள் 50 கிலோ ஆக்குவோம் என்று முடிவெடுத்தன. 2015 வந்துபோனது, சகாராவுக்குத் தெற்கே சராசரி அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. இங்கே நம் மலையில் அடியுரம், மேலுரம், போதாததற்குச் சமவெளியிலிருந்து லாரி லாரியாகக் கோழி எரு. அளவுக்கு மீறிப் போடுகிறவனுக்குச் சொல்லும் யோசனையை, போடவே வழியில்லாதவனிடம் போய்ச் சொல்வது அநியாயம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு முக்கியம். பச்சைத் தேயிலை விலை விழுந்தாலும், மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டைக் கேட்க ஆளில்லாமல் போனாலும், இங்கே ரேஷன் அரிசியில் உலை கொதித்துவிடும். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு விவசாயிக்கு அப்படி மாதாமாதம் அரிசி போடும் கடை கிடையாது. மக்காச்சோளம் அறுவடைக்கு வருவதற்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரியில் பல வீடுகளில் தானியம் தீர்ந்திருக்கும். அங்கே எந்த முறையைக் கொண்டுபோனாலும் முதலில் கேட்க வேண்டியது, வரும் போகத்தில் தட்டில் சோறு குறையுமா என்பதைத்தான். குறையும் என்றால் அந்த முறை எனக்கு வேண்டாம்.

அந்தக் கேள்வியில் தேறியவை நிறைய இருக்கின்றன. நைஜர் நாட்டில் 1980களிலிருந்து விவசாயிகள் செய்ததைப் பாருங்கள். வெட்டிய மரங்களின் அடிக்கட்டை வயலில் உயிரோடுதான் இருந்தது, வருடாவருடம் துளிர்த்தது. முன்பு மரம் சட்டப்படி அரசின் சொத்து, அதனால் துளிரைக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம் என்று வெட்டிவிடுவார்கள். கெடுபிடி தளர்ந்து, மரம் நமக்குத்தான் என்ற நம்பிக்கை வந்தபிறகு, நல்ல துளிர்களை மட்டும் விட்டு மற்றதைக் கழித்து வளர்த்தார்கள். விதை வேண்டாம், நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பிவிட்டது! அதில் ஃபைதர்பியா என்று ஒன்று, நம் வேலமரத்துக்கு உறவு. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், கம்புப் பயிருக்கு வெயில் மறையாது, உதிர்ந்த இலை உரமாகிவிடும். கோடையில் மரம் பச்சையாக இருக்கும்போது ஆடுமாடு நிழலுக்கு வந்து ஒதுங்கிச் சாணம் போட்டுவிட்டுப் போகும்.

மரம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. அதே நைஜரில், நம் ஹைதராபாத் பக்கத்து இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆட்கள் கற்றுத்தந்தது, விதைக்குழிக்குச் சோடா மூடி அளவு ரசாயன உரம். வீசித் தெளிக்காமல் வேருக்குப் பக்கத்தில் வைத்தால் அந்தக் கொஞ்சமே வேலை செய்கிறது. இதைத் தீட்டு என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. மலாவியில் நிலக்கடலையும் துவரையும் சேர்த்து விதைக்கிறார்கள், நம் மானாவாரிக் காடுகளில் உள்ளதுதான். துவரை முதலில் மெல்ல வளரும், கடலையைப் பிடுங்கியபிறகு எழும்பும். ஒரே நிலத்தில் இரண்டு பருப்பு, அடுத்த வருடம் மக்காச்சோளத்துக்கு மண்ணில் தழைச்சத்து. இதற்கெல்லாம் யாரும் ஒரு போகம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

சரி, நம் மலைக்கு வருவோம். இங்கே குறைக்க வேண்டியது உரத்தை, நிறுத்த வேண்டியது மண் ஓடுவதை. கிழங்குக்குப் பாரை, அதாவது மண் அணைத்த மேட்டு வரிசையை, சரிவோடு கீழ்நோக்கிப் பிடிக்கிறோம், தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று. காரணம் நியாயமானதுதான், ஆனால் ஐப்பசி மழையில் உரமும் மேல்மண்ணும் சேர்ந்தே ஓடைக்குப் போய்விடுகிறது. சரிவுக்குக் குறுக்கே, லேசான சாய்வு கொடுத்துப் பார் பிடித்தால் தண்ணீர் வடியும், மண் நிற்கும். அப்பா உடனே ஒத்துக்கொள்ள மாட்டார், அவருடைய குத்தகைப் பணம் அதில் இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் நான்கு பார் அப்படிப் பிடித்துப் பாருங்கள், மழை விட்டதும் இரண்டு பக்கத்துக் கீழ்க்கால்வாயிலும் எவ்வளவு மண் கிடக்கிறது என்று அவரையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

அன்புடன்.