முதியோர் பராமரிப்பு இல்லம்: சேர்க்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. போன வருடம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது. சுகருக்குக் காலையும் மாலையும் இன்சுலின். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்தோம், யாரும் நிலைக்கவில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஓர் இல்லத்தில் மாதம் 32,000 ரூபாய் சொல்கிறார்கள். ஏற்காட்டில் ஓர் இல்லம் 24,000 ரூபாய். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று சொந்தக்காரர்கள் ஏற்காட்டையே சொல்கிறார்கள். இரண்டையும் போய்ப் பார்த்தோம், இரண்டுமே சுத்தமாகத்தான் இருக்கின்றன. எதை வைத்து முடிவெடுப்பது?
(வாசகி, அம்மாபேட்டை)

பதில்: போன் செய்துவிட்டுப் பகல் 11 மணிக்குப் போனால் எந்த இல்லமும் சுத்தமாகத்தான் இருக்கும். இன்னொரு முறை போங்கள். இந்தத் தடவை சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மேல் போங்கள். ஆட்கள் குறைந்து, இரவுச் சாப்பாடும் மாத்திரையும் நடக்கிற நேரம் அது. உங்கள் அப்பா போல வாய்விட்டுக் கேட்க முடியாதவரை அந்த இல்லம் எப்படி வைத்திருக்கும் என்பது அப்போதுதான் தெரியும். உள்ளே விடவே மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். குளிக்கும் நேரம், தூங்கும் நேரம் என்று அறைக்குள் விடாதிருப்பது நியாயம். வாசலோடு திருப்பி அனுப்புவது நியாயமில்லை.

அப்பாவுக்கு இன்சுலின் போவதால் முதலில் அதைப் பாருங்கள். மாலை ஏழு மணிக்கு ஊசி போட்டாகிவிட்டது, ஏழரைக்கு இட்லி வருகிறது, இரண்டு வாய் வாங்கிவிட்டு அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஊட்டியவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார் என்று வையுங்கள். தட்டில் எவ்வளவு மிச்சம் என்பது ஊசி போட்டவருக்குத் தெரியாது. ராத்திரியில் சுகர் 70-க்குக் கீழே இறங்கும். வியர்வை, நடுக்கம், குழப்பம், பேச்சுக் குழறல் எல்லாம் வரும். அப்பாவுக்கு ஏற்கெனவே பேச்சு குழறுவதால் அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். முழிப்பாக இருந்து விழுங்கவும் முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். அப்போது நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றத் தெரிந்தவர் வேண்டும்.

ஆகவே இரவில் படித்த நர்ஸ் ஒருவர் கட்டிடத்துக்குள்ளேயே இருக்கிறாரா என்று கேளுங்கள். 'போன் பண்ணினால் வந்துவிடுவார்' என்பது இன்சுலின் போடுகிறவருக்குப் போதாது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் படிப்பு, ஜி.என்.எம். மூன்று வருடம், ஏ.என்.எம். இரண்டு வருடம். இவர்களுக்குத் தமிழ்நாட்டின் நர்சிங் கவுன்சில் கொடுத்த பதிவு எண் இருக்கும், கேட்டால் சொல்வார்கள். அட்டெண்டருக்கு யூனிஃபார்ம் மாட்டி 'சிஸ்டர்' என்று கூப்பிடும் இடங்கள் உண்டு. அட்டெண்டர் இல்லாமல் எந்த இல்லமும் நடக்காது, அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்சுலின் அளவை அவர் தலையில் கட்டுவது அவருக்கும் ஆபத்து, அப்பாவுக்கும் ஆபத்து.

ஃபிரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இன்சுலின் பாட்டில்களில் அவரவர் பெயரும் திறந்த தேதியும் எழுதியிருக்க வேண்டும். பிரிக்காதது 2 முதல் 8 டிகிரியில், ஃபிரீசரை ஒட்டாமல் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஒரே இன்சுலின் பேனாவில் ஊசியை மட்டும் மாற்றி இரண்டு பேருக்குப் போடுகிறார்கள் என்றால் அங்கே சேர்க்காதீர்கள். பேனாவுக்குள் ரத்தம் ஏறும், மஞ்சள் காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும்.

அடுத்து மருந்துச் சார்ட். ஒவ்வொரு வேளைக்கும் கொடுத்தவர் கையெழுத்துப் போடும் அட்டை அது. மாலை ஆறரைக்குப் பார்க்கும்போதே ராத்திரி ஒன்பது மணி மாத்திரைக்குக் கையெழுத்து விழுந்திருந்தால், அந்த அட்டையில் இருக்கும் எதையும் நம்ப முடியாது. படுத்தே இருப்பவர்களைத் திருப்பிப் படுக்க வைக்கும் சார்ட்டும் அப்படித்தான். வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று வைத்திருப்பார்கள். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் எல்லாம் ஒரே மூச்சில் எழுதியவை.

படுக்கைப் புண் உங்களுக்குப் பெரிய அளவுகோல். 'இப்போது எத்தனை பேருக்கு பெட்சோர் இருக்கிறது, அதில் எத்தனை இங்கே வந்த பிறகு வந்தது?' என்று நேராகவே கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து புண்ணோடு வருகிறவர்கள் உண்டு, அதனால் இருப்பதே குற்றமில்லை. கணக்கு வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி, இந்த மூன்றிலும்தான் பெரும்பாலும் தொடங்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. தொட்டால் அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். ஏர் பெட் போட்டிருந்தால் மோட்டார் ஓடுகிறதா, கரன்ட் போனால் அது இன்வெர்டரில் ஓடுமா என்று பாருங்கள்.

அப்பாவுக்கு இடது பக்கம் வராது. கூப்பிடும் பெல், தண்ணீர் டம்ளர், கட்டிலில் இறங்கும் பக்கம் எல்லாம் வலப்பக்கம் இருக்க வேண்டும். அதே மாதிரி ஒருவர் அங்கே இருந்தால், அவரைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவதைக் கவனியுங்கள். நாற்காலி நல்ல பக்கம் இருக்க வேண்டும், பிரேக் போட்டிருக்க வேண்டும், விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் தோள் மூட்டு நழுவும், பிறகு அந்தக் கையைத் தொடவே விடமாட்டார். சாப்பாட்டை நிமிர்த்தி உட்கார வைத்து, மெதுவாக, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் என்று ஊட்டுகிறார்களா? முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்க விடாமல் வைத்திருக்கிறார்களா? பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால் கதவை உடைக்காமல் அவரைத் தூக்க முடியாது.

ராத்திரி வாசல் பூட்டின் சாவி யாரிடம்? இரண்டாவது வழி இருக்கிறதா, அதில் பழைய கட்டிலைச் சாத்தி வைத்திருக்கிறார்களா? தீயணைப்பான் முள் பச்சையில் நிற்கிறதா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 28 பேர் எரிந்து இறந்தது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல்தான். ஆட்களைக் கட்டிலோடு கட்டி வைக்கும் இடம் எதுவானாலும், 'விழுந்துவிடக் கூடாது என்றுதான்' என்ற காரணத்தை ஏற்காதீர்கள்.

காகிதங்கள்: முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தின் வழியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். சிகிச்சையும் தருகிறோம் என்றால் 1997-ஆம் வருட தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் பெற்ற சான்றிதழும் வேண்டும். அதைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், தேதியைப் பாருங்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் மேலே பேச வேண்டாம். இருப்பதால் மட்டும் நல்ல இல்லம் ஆகிவிடாது.

ஏற்காட்டைப் பற்றி. அப்பாவுக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். பகலில் வண்டி தயாராக நின்றாலும் ஒரு மணி நேரம் போய்விடும். ராத்திரி மூடுபனியிலும், மே மாதக் கோடை விழாக் கூட்டத்திலும், மழையில் பாறை சரிந்து குப்பனூர் வழியாகச் சுற்றி வரும் நாட்களிலும் இன்னும் நேரமாகும். குளிர்காலத்தில் வெந்நீர் ஒத்தடம், வெந்நீர்ப் பை என்று கொடுப்பார்கள். சுகரால் உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால்கூட அவருக்குத் தெரியாது. மழை மாதங்களில் துணி காயாது. ஈரம் போகாத விரிப்பில் நாள் முழுக்கப் படுத்திருந்தால் தோல் ஊறிப் புண்ணாகும். தானே நடந்து, தானே குளித்து, ஊசி மருந்து இல்லாமல் இருக்கிறவருக்கு ஏற்காடு அருமையான இடம். நீங்களும் அம்மாபேட்டையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் எட்டிப் பார்க்கக்கூடிய தூரத்தில் இல்லம் இருக்க வேண்டும். அடிக்கடி ஆள் வந்து பார்க்கிற கட்டிலை யாரும் மறக்க மாட்டார்கள்.

8,000 ரூபாய் வித்தியாசமும் நிஜமா என்று பாருங்கள். டயபர், சுகர் ஸ்ட்ரிப், பிசியோதெரபி, டாக்டர் வருகை, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்கும் ஆளுக்கான கூலி ஆகியவை 24,000-க்குள் அடக்கமா, வெளியேவா? டயபர் மட்டுமே ஒரு நாளைக்கு மூன்று, நான்கு ஆகும். ஜி.எஸ்.டி. தனியா என்றும் கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தில் பதிவான அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில், 60 வயது தாண்டியவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கம்பெனியாக நடத்தினால் அந்த விலக்கு இல்லை. பெரிய டெபாசிட் கட்டும் முன் ஒரு மாதம் மட்டும் சேர்த்துப் பாருங்கள். சேர்க்கும் நாளன்றே எடை பார்த்து, உடம்பில் இருக்கும் தழும்பு, புண் எல்லாவற்றையும் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. ஓர் இல்லத்தில் சேர்த்து ஆறு மாதம் ஆகிறது. சேர்க்கும்போது 52 கிலோ இருந்தார், இப்போது 46. எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார். இரண்டு மணிக்கட்டிலும் கன்னிப்போன தடம். கேட்டால் 'வயசானால் இப்படித்தான்' என்கிறார்கள். சத்தம் போட்டால் அம்மாவிடம் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகர், சூரமங்கலம்)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அதனால் சண்டைக்கு முன்னால் அம்மாவை வெளியே கொண்டுவாருங்கள். 'பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன்' என்று சொன்னால் போதும், யாரும் தடுக்க முடியாது.

ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே கவனிக்க வேண்டிய நிலை. அம்மாவுக்கு அதற்கும் மேலே குறைந்திருக்கிறது. இல்லத்தின்மேல் மட்டுமே பழி போடவும் முடியாது. தைராய்டு, காச நோய், கட்டுப்படாத சுகர், பொருந்தாத பல்செட் எல்லாமே எடையைக் குறைக்கும். வெளி டாக்டர் இவற்றைப் பார்க்கட்டும். அதே சமயம் இல்லத்தில் மாதாமாதம் எடை எழுதிய பதிவைக் கேளுங்கள். எடுக்கவே இல்லை என்றால் அது அவர்கள் தவறு.

கன்னிப்போனதையும் நிதானமாகப் பாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களுக்கு லேசாக இடித்தாலே முன்கையில் கன்னும், ஆனால் அங்கொன்று இங்கொன்றாக இருக்கும். இரண்டு மணிக்கட்டையும் சுற்றி வளையமாக இருந்தால் துணியால் கட்டியிருக்கிறார்கள் என்றே சந்தேகப்பட வேண்டும். பகலெல்லாம் தூக்கம் என்றால் தூக்க மாத்திரையோ மனநல மருந்தோ கொடுக்கிறார்களா என்று பாருங்கள். மருந்துச் சார்ட்டைப் போட்டோ எடுங்கள். எந்த டாக்டர், எந்தத் தேதியில், எதற்காக எழுதினார் என்பதற்குச் சீட்டு இருக்க வேண்டும். நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென விட்டால் வலிப்பு வரும். டாக்டர் சொல்லிக் குறைப்பார்.

காயத்தைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்ற சந்தேகத்தையும் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அந்த ஏ.ஆர். காப்பி இருந்தால் பிறகு போலீசிலும் வேறு எங்கும் உங்கள் பேச்சு நிற்கும். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணமில்லை. எழுத்து மூலமான புகாரை மாவட்ட சமூக நல அலுவலருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அங்கே இன்னும் இருக்கும் மற்றவர்களுக்காகவும் அந்தப் புகார் போக வேண்டும்.

கேள்வி: பெரியப்பா ஓர் இல்லத்தில் இருந்து காலமாகிவிட்டார். கட்டிய ஒரு லட்சம் டெபாசிட்டைத் திருப்பித் தராமல் மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். 'பராமரிப்புக் கழிவு' என்று பாதியைப் பிடிக்கப் போவதாகவும் சொல்கிறார்கள். ரசீது இருக்கிறது, ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை.
(வாசகர், ஆத்தூர்)

பதில்: ஒப்பந்தத்தில் இல்லாத கழிவைப் பிடிக்க முடியாது. 15 நாள் கெடு கொடுத்து, தொகையையும் வங்கிக் கணக்கு எண்ணையும் எழுதி, சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களையும் வையுங்கள். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை என்ற சாக்கு அதோடு போய்விடும். பதில் வராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். பல நிர்வாகங்கள் அந்த அளவிலேயே பணத்தைக் கொடுத்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி, இல்லம் வேறு ஊரில் இருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பெரியப்பாவின் சட்டபூர்வ வாரிசு பெயரில் புகார் போக வேண்டும். நீங்கள் வாரிசு இல்லை என்றால் அவர் பிள்ளைகளோ பெரியம்மாவோ கையெழுத்திட வேண்டும். பணம் தர மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். 'முழுவதும் தீர்ந்தது' என்ற ரசீதில் கையெழுத்துப் போட்டுப் பாதிப் பணத்தை வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டிய நெருக்கடி என்றால், 'மீதிக்கு உரிமை உண்டு' என்று அதே தாளில் உங்கள் கையால் எழுதி, போட்டோ எடுத்துக்கொண்டு வாங்குங்கள்.