கொட்டிப்போச்சா, கொட்டினியா?

அன்புள்ள அக்கா,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு, ஸ்பானிஷ்தான் முதன்மைப் பாடம். பி1 என்கிற இடைநிலை வரை நல்ல புள்ளிகள் வாங்கினேன். அடுத்த படியான பி2வுக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு ஸ்பானிஷுக்கு மாற்றுகிறேன். என் ஆங்கிலமே தடுமாற்றம் என்பதால் நான் வாய் திறப்பதற்குள் பேச்சு அடுத்த ஆளிடம் போய்விடுகிறது. எல்லா வாக்கியத்தையும் 'யோ, யோ' (நான், நான்) என்று தொடங்குகிறேன் என்று விரிவுரையாளர் திட்டுகிறார். கத்தமரான் என்பது நம் கட்டுமரம், அர்ரோஸ் என்பது நம் அரிசி என்றெல்லாம் கூடப் படிப்பவர்களிடம் பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. "இதைப் படிச்சு என்னப்பா செய்யப்போற?" என்று அம்மா கேட்கிறார். டெலே என்ற ஸ்பானிஷ் சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா, பட்டத்தை வாங்கிக்கொண்டு வேறு வேலை பார்க்கலாமா? ஒரு நாளைக்கு எத்தனை சொல் மனப்பாடம் செய்ய வேண்டும்? மேசை ஏன் பெண்பால்?

க.
(பெயர் போட வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

நீ என்றே எழுதுகிறேன். உன் வயதில் எனக்கு அக்கா மகன் இருக்கிறான். ஸ்பானிஷில் எழுதியிருந்தால் 'து' (நீ) போடுவதா 'உஸ்தெத்' (நீங்கள்) போடுவதா என்று ஒரு நொடி பேனா நின்றிருக்கும். தமிழிலும் நின்றது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நிற்க வேலையே இல்லை.

தேர்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எழுது. வாசிப்பும் எழுத்தும் ஒரு கட்டு, கேட்பதும் பேசுவதும் இன்னொரு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் 50க்கு 30 வாங்க வேண்டும். ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது. வாங்கிய சான்றிதழ் காலாவதி ஆகாது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை சொல் என்பதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. நீ மொழி படிக்கிறாயா, சரக்கு ஏற்றுகிறாயா?

அந்த அரிசி. அர்ரோஸ் ஸ்பானிஷுக்கு வந்தது அரபியின் 'அர்ருஸ்' வழியாக. அதற்கு முன்னால் அது எந்த வழியாக வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அதற்குள் நீ போய்ப் பட்டா வாங்கிவிட்டாய். கட்டுமரம் சரி, நம்முடையதுதான். ஆனால் 'பாரியா' என்றும் ஒரு சொல் ஸ்பானிஷ் அகராதியில் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவன் என்று பொருள். பறையர் என்ற சொல்லிலிருந்து போனது. அதையும் நாம்தான் அனுப்பிவைத்தோம். உன் பெருமைப் பட்டியலில் அதைக் காணோமே? கூடப் படிப்பவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.

சரி, திட்டியது போதும். உன் கடிதத்தில் ஒரு வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. முதலில் ஆங்கிலத்தில் யோசிக்கிறேன் என்கிறாய். ஏன் தம்பி?

உன் அம்மாவுக்குத் தலை வலித்தால் என்ன சொல்வார்? "எனக்குத் தலை வலிக்குது." ஸ்பானிஷில் என்ன? மே துவெலே லா கபேஸா. மே என்றால் எனக்கு. துவெலே, வலிக்கிறது. கபேஸா, தலை. அங்கே 'நான்' என்ற ஆள் கிடையாது. வலிக்கிற வேலையைச் செய்வது தலை, அனுபவிப்பது எனக்கு. மே குஸ்தா எல் மாங்கோ: எனக்கு மாம்பழம் பிடிக்கும். உன் வகுப்பில் இதை ஏதோ அதிசயப் பிராணி மாதிரி காட்டி, 'மாம்பழம் எனக்கு இன்பம் தருகிறது' என்று ஆங்கிலத்தில் தலைகீழாக நிறுத்தி விளக்கியிருப்பார்கள். நீயும் உட்கார்ந்து குறிப்பெடுத்திருப்பாய்! உன் பாட்டி தோட்டத்து லய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய வாக்கியத்தை நீ ஆங்கிலத்துக்குப் போய், அங்கே வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வருகிறாய்.

அந்த 'யோ' விவகாரமும் இதேதான். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள், பேசுகிறோம். ஆள் யார் என்பது வினையின் வாலிலேயே இருக்கிறது. எனக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப் பார். "விரிவுரையாளர் திட்டுகிறார்" என்று எழுதும்போது 'என்னை' கூடப் போடவில்லை நீ. 'முதலில் ஆங்கிலத்தில் யோசித்து' என்ற வரியில் நான் எங்கே? வரிக்கு வரி ஆளை நிறுத்துவது ஆங்கிலத்தின் வழக்கம். உன்னுடையது இல்லை.

ஸேர், எஸ்தார் என்ற இரண்டு 'இரு' வினைகளும் குழப்புகின்றன என்று நீ எழுதவில்லை, ஆனால் பி2வில் யாருக்குத்தான் குழப்பாது. லா போதா எஸ் (இது ஸேர்) என் எல் தெம்ப்லோ. எல் நோவியோ எஸ்தா என் எல் தெம்ப்லோ. கல்யாணம் கோயிலில். மாப்பிள்ளை கோயிலில் இருக்கிறார். கல்யாணம் கோயிலில் 'இருக்கிறது' என்று நம் ஊரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? ஆளும் பொருளும்தான் ஓரிடத்தில் இருக்கும், நிகழ்ச்சி இருக்காது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு ஸ்பானிஷே தமிழிலிருந்துதான் பிறந்தது என்று கிளம்பிவிடாதே. அது லத்தீனின் பிள்ளை. நமக்கும் அதற்கும் ரத்த உறவு இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி நம் அத்தை மாதிரியே கையை ஆட்டிப் பேசுவாள் இல்லையா, அந்த மாதிரி. தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. நம் 'க்காக'வுக்கு அவர்கள் வைத்திருக்கும் போர், பாரா என்ற இரட்டையரிடம் கைகொடுக்காது. விருப்பம், சந்தேகம் சொல்லும் வினைவடிவமான சுப்ஹுந்திவோவில் பாதி தூரம் வரும்: 'பீவா' என்று அவர்கள் முழங்குவது நம் 'வாழ்க', தமிழ்ப்பள்ளியில் வியங்கோள் என்று படித்தோமே, அதன் உறவு. ஆனால் 'நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை' என்கிற இடத்தில் அவர்கள் 'வருவாய்' என்ற வினையையே வேறு உருவத்துக்கு மாற்றுவார்கள். நாம் மாற்றுவதில்லை. அங்கே உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். நம் ஊரிலிருந்து பக்கம்தான் கோல கங்சார். மாவட்ட அலுவலகத்துக்கு அருகே வேலி போட்டு நிற்கும் பழைய ரப்பர் மரத்தைப் பார்த்திருப்பாய். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளைக் கொண்டுபோய் லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். அதில் முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து, சில இங்கே வந்தன. உன் அம்மா வாழ்நாளெல்லாம் சீவிய கித்தா (ரப்பர்) மரத்துக்குச் சொந்த ஊர் அமேசான் காடு. அந்தக் காட்டில் பெரு, கொலம்பியா பக்கமெல்லாம் ஸ்பானிஷ்தான். ரப்பருக்கு அங்கே காவ்ச்சோ என்று பெயர். அங்கேயும் கூலி, அங்கேயும் தராசு. புத்துமாயோ ஆற்றுப் பகுதிக்கு 1910இல் போய் விசாரித்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை 1912இல் வெளியானது. கொண்டுவந்த ரப்பர் எடை குறைந்தால் அங்குள்ள பழங்குடிகளுக்குச் சவுக்கடி. நம் தோட்டங்களில் நடந்ததும் அதுவும் ஒன்றல்ல, அப்படிச் சொன்னால் பொய். ஆனால் அந்தத் தராசுப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்தில் ரப்பர் பாலை நிறுத்து வாங்கும் பால் ஸ்டோர்தான் கண்ணில் வந்தது.

அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

எனக்குப் பத்து வயது இருக்கும். பள்ளி விடுமுறைகளில் பால் பிடிக்கும் மங்கு துடைக்க, மரம் சீவும் வெட்டுக்காட்டுக்கு அம்மாவோடு போவேன். ஒருநாள் மழை விட்டு மண் சளசளவென்று கிடந்தது. அம்மா காண்டா என்ற தோள்தடியில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்துகொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். கால் சறுக்கியது. வெள்ளையாக ஓடி, காய்ந்த இலைகளுக்குள் போய்விட்டது அன்றைய உழைப்பு முழுவதும். அம்மா எழுந்து, முழங்காலைக்கூடப் பார்க்காமல், வாளியின் அடியில் தங்கியதை வழித்தெடுத்தார்.

ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி கேட்டார். அம்மா சொன்னார்: "பால் கொட்டிப்போச்சுங்கய்யா."

அவர் தமிழர்தான். கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன், தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் சாப்பிட்டவர். ஆனால் அவர் முன்னால் இருந்தது ஆங்கிலப் புத்தகம். பேனாவை அதன் மேல் வைத்துக்கொண்டு கேட்டார்: "கொட்டிப்போச்சா, கொட்டினியா? புஸ்தகத்துல எப்படிம்மா எழுதுறது?"

அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. கொட்டிப்போச்சு என்றுதான் மறுபடியும் சொன்னார். அவர் எழுதியது எங்களுக்குப் புரியவில்லை. அன்றைய சம்பளம் பிடித்தபோது புரிந்தது.

இருபது வருடங்களுக்கு முன் கோலாலம்பூரில் மாலை வகுப்பில் நானும் உன்னைப்போல பி2வில் முட்டிக்கொண்டு நின்றேன். கொலம்பியாவிலிருந்து வந்த ஆசிரியை. சின்ன வயது நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். எனக்கு இதுதான் வந்தது. ஆங்கிலத்தில் கோர்த்து, ஸ்பானிஷில் இறக்கினேன்: மி மாத்ரே திரோ லா லெச்சே. அவர் புருவத்தைத் தூக்கினார். "உங்கள் அம்மா பாலை எறிந்தாரா? வேண்டுமென்றா?"

இல்லை, இல்லை, சறுக்கி, மழை, என்று நான் கையையும் காலையும் ஆட்டிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் ஸே லே கயோ" என்று பலகையில் எழுதினார்.

ஸே லே கயோ லா லெச்சே. பால் விழுந்துவிட்டது, அவருக்கு. விழுந்தது பால். அந்த 'லே', அவருக்கு, யாருடைய இழப்பு என்று மட்டும் சொல்கிறது. யாருடைய குற்றம் என்று சொல்லவில்லை. அம்மா கிராணியிடம் இரண்டு தடவை சொன்ன அதே வாக்கியம். ஸ்பானிஷில் புத்தகம் வைத்திருந்த கிராணியாக இருந்தால் அப்படியே எழுதிக்கொண்டிருப்பார். (சம்பளம் அப்போதும் பிடித்திருப்பார்கள், அது வேறு விஷயம்.) நான் என்ன செய்திருக்கிறேன் பார்! முப்பது வருடம் கழித்து, என் வாயாலேயே, அம்மாவைப் 'பாலை எறிந்தவள்' ஆக்கியிருக்கிறேன். அன்று இடைவேளையில் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அதற்கப்புறம் எனக்கு அந்த இலக்கணத்தை யாரும் நடத்த வேண்டியிருக்கவில்லை. ஸே மே ஒல்விதோ: மறந்துபோச்சு. ஸே மே ரொம்பியோ: உடைஞ்சுபோச்சு. ஸே மே பெர்தியோ: தொலைஞ்சுபோச்சு. நம் 'போச்சு' இருக்கிற இடத்திலெல்லாம் அவர்களின் 'ஸே மே' வந்து உட்கார்ந்துகொள்ளும். உடைத்தேன் வேறு, உடைந்தது வேறு என்று இரண்டு வினை வைத்திருக்கிற மொழியில் பிறந்துவிட்டு, அதை அந்நியர் பாடம் என்று நினைத்துப் பயப்படுகிறாயே. இதை வைத்துத் தப்பிக்கிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் என் தம்பி உடைத்த எதையும் 'உடைத்தேன்' என்று சொன்னதே கிடையாது, எல்லாம் தானாகவே உடைந்தவை.

லீவுக்கு வீட்டுக்கு வரும்போது அம்மாவிடம் வெட்டுக்காட்டுக் கதை ஒன்று கேள். செம்பனை (எண்ணெய்ப்பனை) காலத்துக் கதையானாலும் பரவாயில்லை. அவர் சொல்வதை அவர் சொன்ன மாதிரியே தமிழில் எழுதிக்கொள். அதிலிருந்து நேராக ஸ்பானிஷில் ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. நடுவில் ஆங்கிலத்தில் யோசித்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும், சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: மேசை லத்தீனிலேயே பெண்பால். லா மேஸா. போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்ததும் அதே மேசையைத்தான், நாம் அதை அஃறிணை ஆக்கிக்கொண்டோம். அதற்கு மேல் காரணம் தேடாதே, மனப்பாடம் செய்.