நைட் டூட்டியில் ஏறிய எடை: நர்ஸ் அக்காவிடம் கேட்டவை

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு பஸ் ஏறியே 22 வருஷம் நர்ஸ் வேலை பார்த்தேன். அதில் பாதி நைட். கேளுங்கள்.

அக்கா, முன்னைவிடக் கம்மியாத்தான் சாப்பிடறேன். ஆறு மாசத்துல 5 கிலோ ஏறிடுச்சு. எப்படி?

ராத்திரி ரெண்டு மணிக்கு வாயில் போட்டதை எழுதிப் பார்த்தாயா கண்ணு? பிளாஸ்கிலிருந்து சர்க்கரை போட்ட சாயா மூணு டம்ளர், ஆறிப்போன பழம்பொரி, டிஸ்சார்ஜ் ஆனவர்கள் கொடுத்த லட்டு. இதெல்லாம் நம் கணக்கில் சாப்பாடே இல்லை! ஆனாலும் தப்பு உன்மேல் மட்டுமில்லை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். ராத்திரியில் இன்சுலினும் பகல்போல வேலை செய்யாது. மத்தியானம் தின்ற அதே பரோட்டாவை நடுராத்திரி தின்றால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும்.

அப்போ என்ன சாப்பிடறது?

டூட்டிக்குக் கிளம்பும்முன் வீட்டில் முழுச் சாப்பாடு. நடுவில் பசித்தால் சுண்டல், அவித்த முட்டை, மோர். காலையில் ரெண்டு இட்லி, அப்புறம் படுக்கை.

ஓட்டு வீடு, மார்ச் வெயில். பகல்ல நாலு மணி நேரம்கூடத் தூங்க முடியலைங்க.

பாலக்காட்டு வெயில் எனக்குத் தெரியாதா! ஜன்னலில் கறுப்புப் போர்வை கட்டினேன். "வீட்டுல என்ன எழவா?" என்று மாமியார் கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும், தூக்கம் வந்தது. வெளிச்சம் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் திரும்பும் பஸ்ஸிலேயே கூலிங் கிளாஸ் போட்டுக்கொள். பஸ்ஸில் மட்டும் தூங்காதே. நான் ஒருநாள் இறங்காமல், ஊரைத் தாண்டிப் பாலக்காட்டுச் சித்தூர் வரைக்கும் போயிருக்கிறேன். கடைசி சாயா ராத்திரி ரெண்டு மணிக்குள். சாயாவில் இருக்கும் காஃபினில் பாதி ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும். ஒரே மூச்சில் தூங்க வராதா? சரி, காலையில் ஐந்து மணி நேரம், டூட்டிக்கு முன் ஒன்றரை மணி நேரம் என்று பிரித்துக்கொள்.

அக்கா, டூட்டி முடிஞ்சு நேரா ஜிம்முக்குப் போறேன். சரிதானே?

பைக்கிலா தம்பி? வேண்டாம். அரைத்தூக்கத்தில் வண்டி ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம். சாயங்காலம் எழுந்தபின் நட.

நைட் பார்த்தா சுகர் வருமா?

வாய்ப்பு கூடும். அமெரிக்க நர்ஸுகளை வைத்து 2011இல் வந்த ஆய்வில், மாறி மாறி நைட் பார்த்த வருஷங்கள் கூடக் கூடச் சர்க்கரை நோயும் கூடியது. அதில் பெரும்பங்கு எடை வழியாக வந்தது. வருஷம் ஒருமுறை சுகர் பார். இடுப்பளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை விட்டபின் அள. நான் பத்து வருஷம் வயிற்றை எக்கிக்கொண்டுதான் அளந்தேன்.