தொழிலை வைத்துச் சொந்தம் பார்க்கலாமா?

ஐயா,
மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். வேரோடு கூடி வாழும் பங்கசுவை ரியூசன் குறிப்பு சைகோமைக்கோட்டா என்கிறது, ஒரு புத்தகம் குளோமரோமைக்கோட்டா என்கிறது, இணையத்தில் மியூக்கோரோமைக்கோட்டா என்று இருக்கிறது. விஞ்ஞானிகளே குழம்பும்போது பிள்ளை என்ன செய்வாள்? வேருக்கு உள்ளே வாழ்வது, வெளியே வாழ்வது என்ற இரண்டு வகையோடு நிறுத்தினால் போதாதா?
ஒரு தாய், வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

குழப்பம் ஒன்றும் இல்லை. முன்பு மண்ணைச் சலித்தெடுத்த வித்தியின் (பங்கசு பரவும் நுண்மணியின்) நிறத்தையும் சுவரையும் பார்த்துப் பிரித்து, சைகோமைக்கோட்டாவில் சேர்த்திருந்தார்கள். 2001இல் மரபணுவை ஒப்பிட்டு, குளோமரோமைக்கோட்டா என்ற தனிக் கணமாக, அதாவது தனிப் பெரும்பிரிவாக, ஆக்கினார்கள். 2016இல் இன்னும் நிறைய மரபணுக்களைப் பார்த்து, மியூக்கோரோமைக்கோட்டாவின் உபகணமாக வைத்தார்கள். அதை ஏற்காதவர்களும் உண்டு. பரீட்சைக்குப் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும். சரி, அது முடிந்தது.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசிக் கேள்வியில்தான். உள்ளே, வெளியே என்பது 1887இல் ஜெர்மானியர் ஃபிராங்க் பிரித்தது. அது வாழும் விதம். உறவுமுறை இல்லவே இல்லை. செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர்களெல்லாம் ஒரே குடும்பமா? சிங்கராஜ வனத்து ஹொர மரத்தின் வேர்நுனியை வெளியிலிருந்து போர்த்தியிருக்கும் கூட்டத்தில் குடைக்காளானின் இனத்தவர் உண்டு, அதற்குத் தூரத்துக் கிளையினரும் உண்டு. அந்தத் தொழிலுக்குத் தனித்தனியே, பலமுறை வந்து சேர்ந்தவர்கள். உள்ளே வாழ்பவையும் அப்படித்தான். ஓர்க்கிட் வேருக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கணம், ஹோட்டன் சமவெளி ரொடொடென்ரன் வேருக்குள் பெரும்பாலும் வேறொன்று, உங்கள் மிளகாய்ச் செடிக்குள் இருப்பது இவை இரண்டும் அல்ல, மகளின் புத்தகங்கள் மூன்று பெயர் சொல்லும் அந்தப் பங்கசு. இத்தனையையும் இரண்டு பெட்டிக்குள் அடைத்து மனப்பாடம் செய்யச் சொல்வது படிப்பா, தங்கச்சி?

மாணவனாக நான் முதலில் பார்த்தது வெங்காய வேர். கலச்சுவரைத் துளைத்து நுழைந்த பங்கசு, கலமென்சவ்வைக் கிழிக்காமல் அதை உள்ளே தள்ளிக்கொண்டு, கிளை கிளையாய்ப் பிரிந்து கலத்தையே நிறைத்திருந்தது. அந்தக் கிளைகளுக்குச் சில நாள்தான் ஆயுள். பொஸ்பரசு கொடுத்து வெல்லம் வாங்கும் சந்தை அது. மணி அடித்தும் நான் நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பவில்லை.

மகளும் பார்க்கட்டும். ஆசிரியரைக் கேட்டு, ஆய்வுகூடத்தில் மெல்லிய வேர்களைப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் சூடாக்கி நிறம் நீக்கி, கழுவி, பேனா மை சிறிது கலந்த வினாகிரியில் சில நிமிடம் சூடாக்கினால் போதும். மிளகாய் வேர், வெங்காய வேர் நல்லது. கோவா, முள்ளங்கி வேண்டாம். கடுகுக் குடும்பம் இந்தப் பங்கசுவைச் சேர்ப்பதில்லை, பிள்ளை ஏமாந்துபோவாள்.