கிளன் பள்ளத்தாக்கில் ஒரு வீடு – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஒன்பது வருடமாகக் கோவென்ட்ரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்கு ஷ்ராப்ஷயர் பக்கம் சுற்றப் போனபோது, கிளன் ஊருக்கு அருகே விற்பனைக்கு இருந்த ஒரு கல் வீட்டைப் பார்த்தோம். பின்னால் ஆட்டு மேய்ச்சல், கீழே சின்ன ஓடை, ஒரு சத்தம் இல்லை. தென்காசிப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் சாரல் காலத்தில் இருந்ததுபோல இருந்தது. 3,40,000 பவுண்டுக்கு ஆஃபர் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், பத்திர வேலை பார்க்கும் சாலிசிட்டரும் வேலையைத் தொடங்கிவிட்டார். எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஆபீஸ். மகனுக்கு ஏழு வயது. மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை, “உங்களுக்குப் பிடித்தால் சரி” என்கிறாள். அவள் இங்கே கார் ஓட்டுவதில்லை. நீங்கள் அந்தப் பக்கம் பல வருடமாக இருப்பவர். வாங்கலாமா? வேண்டாம் என்று தோன்றினால் இனிமேல் பின்வாங்க முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். இங்கிலாந்தில் ஆஃபரை ஏற்றுக்கொண்டார்கள் என்பது வாய்வார்த்தை அளவுதான். இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைமாறும் நாளை ‘எக்ஸ்சேஞ்ச்’ என்பார்கள். அதுவரை நீங்கள் விலகலாம், விற்பவரும் வேறொருவர் கூடுதலாகக் கொடுத்தால் உங்களை விட்டுவிட்டுப் போகலாம். விலகினால், வீட்டின் நிலையைப் பரிசோதிக்கும் சர்வேக்கும் சாலிசிட்டருக்கும் கொடுத்த பணத்தோடு போகும். எக்ஸ்சேஞ்ச் அன்று வழக்கமாகப் பத்து சதவீதம் கட்ட வேண்டியிருக்கும், உங்கள் கணக்கில் 34,000 பவுண்டு. அதன் பிறகு மனம் மாறினால் அந்தப் பணம் திரும்பாது. ஆகவே யோசிக்க உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நான் வீடு தேடியபோது ஜன்னலையும் மலையையும்தான் பார்த்தேன். பதினோரு வருடம் இங்கே குடியிருந்த பிறகு, யாராவது கேட்டால் வேறு மாதிரிச் சொல்கிறேன். அந்த வீட்டுக்குள் என்னென்ன வருகிறது, அங்கிருந்து என்னென்ன வெளியே போகிறது என்று பாருங்கள்.

உங்கள் ஓடையிலிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பக்கத்துத் தனி வீடுகளில் பலவற்றுக்குப் பொதுச் சாக்கடை இணைப்பு கிடையாது, செப்டிக் டேங்க்தான். பழைய டேங்குகள் சில, வடிநீரை நேராக ஓடையில் விட்டன. 2020 ஜனவரி 1 முதல் அப்படி விடக் கூடாது. டேங்கை மாற்ற வேண்டும், அல்லது நிலத்துக்குள் ஊறவிடும்படி திருப்ப வேண்டும். அந்தச் செலவு ஆயிரக்கணக்கான பவுண்டு. டேங்க் எங்கே இருக்கிறது, நீர் எங்கே போய்ச் சேருகிறது, கடைசியாக எப்போது காலி செய்தார்கள் என்று சாலிசிட்டரை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். இதைப் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கிளன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் நன்னீர் முத்துச்சிப்பிகள் வாழ்கின்றன. நூறு வருடம்கூட உயிர் வாழக்கூடிய ஜீவன்கள் அவை. வண்டலும் உரச்சத்தும் கலந்த நீரில் அவற்றின் குஞ்சுகள் பிழைப்பதில்லை, இருக்கிற கிழடுகள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. நம் வீட்டுக் கழிவு அந்த ஆற்றுக்குப் போகிறதா என்பது இங்கே குடிவருகிறவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

குடிநீர் குழாயில் வருகிறதா, போர் தண்ணீரா, ஊற்றா என்பதையும் கேளுங்கள். சொந்த ஊற்று என்றால் பரிசோதனை செய்த தாள் வேண்டும்.

அடுத்தது வீட்டைச் சூடாக்கும் எரிபொருள். எரிவாயுக் குழாய் இந்தப் பள்ளத்தாக்குகளின் உட்பகுதிக்குப் பெரும்பாலும் எட்டவில்லை. தோட்டத்து மூலையில் ஒரு பெரிய பச்சைத் தொட்டி இருந்ததா? அதில் இருப்பது நம் ரேஷன் கடை மண்ணெண்ணெயின் உறவுதான். லாரி வந்து ஊற்றிவிட்டுப் போகும், பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து தர மாட்டார்கள். மின்சாரத்துக்கும் குழாய் எரிவாயுவுக்கும் அரசு விலை வரம்பு வைத்திருக்கிறது, இந்த எண்ணெய்க்கு அந்த வரம்பு இல்லை. அக்கம்பக்கத்தார் சேர்ந்து மொத்தமாக ஆர்டர் கொடுத்து விலை குறைப்பார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் சேர வேண்டுமென்றால் முதலில் நாலு வீட்டுக் கதவைத் தட்டி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

சுவரைப் பற்றி என் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீடும் கல் வீடு. எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் உள்சுவருக்கு சிமெண்ட் பூசியிருந்தார்கள். பார்க்க வழவழப்பாக இருந்தது. இரண்டாம் குளிர்காலத்தில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்து, என் பட்டுப்புடவைகளில் பூஞ்சை படர்ந்துவிட்டது. ஈரம் உள்ளே வராமல் இருக்க ரசாயனம் ஏற்றவேண்டும் என்று ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டுப் போனார், எதுவும் மாறவில்லை. பிறகு பழைய கட்டடம் தெரிந்த ஒரு கொத்தனார் வந்து, சுவர் மூச்சுவிட வழியில்லாமல் கிடக்கிறது என்றார். சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினார். எங்கள் அப்பா வீட்டுச் சுவரில் கை வைத்தால் வரும் அதே குளுமை. அன்று அழுதுவிட்டேன். நீங்கள் வங்கி அனுப்பும் மதிப்பீட்டோடு நிறுத்தாதீர்கள், பழைய வீட்டுக்கான முழு சர்வே எடுங்கள். அது பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அனுமதி இல்லாமல் மாற்றம் செய்வது குற்றம். முன்பிருந்தவர் அனுமதியில்லாமல் ஜன்னலை மாற்றியிருந்தாலும், சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வருவது இன்றைய உரிமையாளருக்குத்தான். அதற்குக் காலக்கெடுவும் கிடையாது.

அமைதி என்றீர்கள். நீங்கள் பார்த்தது ஜூன் மாத ஞாயிறு. வசந்தத்தில் குட்டி போடும் நேரத்தில் இரவெல்லாம் கொட்டகையில் விளக்கு எரியும், ஆடுகள் கத்தும். குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கும் நாளில் அந்தக் கதறலைக் கேட்டுக்கொண்டு தூங்க முடியாது. அறுவடையில் நள்ளிரவிலும் டிராக்டர் ஓடும், எரு அடிக்கும் வாரத்தில் துணி காயப்போட முடியாது. இதெல்லாம் எனக்குக் குறையில்லை. அந்தப் புல்வெளி பச்சையாக இருப்பது அவர்களுடைய உழைப்பால்தான். அதைத் தொல்லையாக நினைப்பவர் இங்கே வரவேண்டாம் என்று மட்டும் சொல்வேன். தோட்டத்தின் ஓரமாகப் பொதுநடைபாதை போகிறதா என்று ஷ்ராப்ஷயர் கவுன்சில் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். இருந்தால் யாரும் நடக்கலாம், நீங்கள் கதவைப் பூட்ட முடியாது.

இதெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் தீரக்கூடியவை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது ஒரு வரி. அவள் இங்கே கார் ஓட்டுவதில்லை.

தம்பி, நானும் ஓட்டாதவளாகத்தான் வந்தேன். என் கணவர் காலை ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எங்கள் ஊருக்கு அப்போது வாரத்தில் ஒரு நாள்தான் பஸ். கடை ஐந்து மைல். அதற்கு நடைபாதை இல்லாத ஒற்றைத் தடச் சாலை, இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி, வளைவில் வண்டி வந்தால் வேலிக்குள் ஒடுங்கி நிற்க வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், தெருவிளக்கு கிடையாது. கணவர் வீடு திரும்பும்போது, எவ்வளவு அமைதி பார்த்தாயா என்பார். அவருக்கு அது நாள் முழுக்க மனிதர்களோடு பேசிவிட்டு வந்து அனுபவிக்கும் அமைதி. எனக்கு அது காலையிலிருந்து யாரும் பேசாத வீடு. ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே ஊரில் இல்லை.

உங்கள் மனைவி இந்திய உரிமத்தோடு வந்திருந்தாலும், இங்கே குடியேறிய 12 மாதத்துக்கு மேல் அதை வைத்து ஓட்ட முடியாது. எழுத்துத் தேர்வு, பிறகு சாலைத் தேர்வு. தேர்வுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ரயிலை நம்ப முடியாது. கிளனில் நிலையம் இல்லை, பக்கத்தில் இருக்கும் புரூம், ஹாப்டன் ஹீத் நிலையங்களில் ஒரு நாளைக்கு ஒவ்வொரு திசையிலும் நாலைந்து ரயில்தான், அதுவும் கைகாட்டினால்தான் நிற்கும். மகனுக்கு எட்டு வயதானதும், பள்ளி மூன்று மைலுக்கு மேல் தள்ளி இருந்தால், அது அவனுக்கேற்ற அருகிலுள்ள பள்ளி என்ற பட்சத்தில், கவுன்சில் இலவசமாகக் கூட்டிப்போகும். பதினாறு வயதோடு அந்த உரிமை முடிந்துவிடும். பள்ளிக்குப் பிறகு நண்பன் வீடு, நீச்சல், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஓட்டுகிற ஒருவர் வேண்டும். பர்மிங்காம் பக்கம் இருக்கும் டிவிடேல் பாலாஜி கோயிலுக்கு இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு வெள்ளிக்கிழமை மனசு சரியில்லை என்றால் அவள் தானாகப் போக முடியுமா?

நான் இங்கேயே இருந்துவிட்டேன். இரண்டாம் முயற்சியில் தேர்வில் தேறினேன், அதற்கு முன்பே எதிர்வீட்டு அம்மா வியாழக்கிழமைதோறும் என்னைத் தன் காரில் ஏற்றிக் கிராம மண்டபத்துக் காபிக்குக் கூட்டிப்போனார். அங்கே கோப்பை கழுவத் தொடங்கித்தான் எனக்கு இந்த ஊர் கிடைத்தது. அந்த அம்மா இல்லாமல் போயிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன்.

ஆகவே என்னிடம் கேட்ட கேள்வியை அவளிடம் கேளுங்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். எக்ஸ்சேஞ்ச் தேதி குறிக்கும் முன்னால், மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளைக் கிளனில் இறக்கிவிட்டு, நீங்கள் காரோடு லட்லோவுக்குப் போய்விடுங்கள். மாலை ஐந்துக்குத் திரும்பி வாருங்கள். அவள் கடைக்குப் போகட்டும், அந்த வீடு வரை நடந்து பார்க்கட்டும், யாரிடமாவது பேசட்டும், கைபேசியில் சிக்னல் எங்கே வருகிறது என்று பார்க்கட்டும். திரும்பும் வழியில் நீங்கள் எதுவும் கேட்காதீர்கள், அவளாகப் பேசட்டும். “உங்களுக்குப் பிடித்தால் சரி” என்றே மறுபடியும் சொன்னால், வாங்காதீர்கள். சமையலறையை இப்படி மாற்றலாம், டிரைவிங் வகுப்புக்கு இன்றே பதிந்துகொள்கிறேன் என்று அவள் பேச ஆரம்பித்தால் சர்வேக்குப் பணம் கட்டுங்கள்.

அடுத்த கடிதத்தை அவளை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா