புரோட்டீன் பார் வாங்கலாமா, வீட்டிலேயே செய்யலாமா? நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

உணவு ஆலோசனை என் தொழில். வட சென்னையில் பெரம்பூரிலிருந்து திருவொற்றியூர் வரை நம் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு தங்கை: சாயங்காலம் 5 மணிக்கு ஆபீஸில் பயங்கரப் பசி. தினமும் ஒரு பார் சாப்பிட்டால் எடை குறையுமா அக்கா?

பார் எதையும் குறைக்காதும்மா. அது எதற்குப் பதிலாக உள்ளே போகிறது என்பதுதான் கணக்கு. டீக்கடையில் 2 பஜ்ஜியும் சர்க்கரை போட்ட டீயும் சுமார் 300 கலோரியை எளிதாகத் தொடும். அந்த இடத்தில் 200 கலோரி பார் வந்தால் லாபம். புரோட்டீன் இருப்பதால் ராத்திரி வரை பசியும் கொஞ்சம் தாங்கும். பாரையும் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டால் 200 கலோரி கூடியது, அவ்வளவுதான்.

ராயபுரம்: கவரில் பெரிதாக "புரோட்டீன்" என்று போட்டிருக்கிறான். நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்பக்கத்தை விடுங்கள், திருப்பிப் பாருங்கள். புரோட்டீன் கிராமைப் பத்தால் பெருக்குங்கள். அது மொத்தக் கலோரிக்குச் சமமாகவோ அருகிலோ வந்தால் நல்ல பார். 20 கிராம் புரோட்டீன், 200 கலோரி என்றால் தாராளமாக வாங்கலாம். 8 கிராம் புரோட்டீன், 240 கலோரி என்றால் அது உடற்பயிற்சி வேஷம் போட்ட மிட்டாய்.

ஒரு தந்திரம் கவனியுங்கள். அட்டவணை சில சமயம் 100 கிராமுக்குத்தான் இருக்கும், கையில் இருக்கும் பாரோ 40 கிராம். அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு இடத்தில் குளுக்கோஸ் சிரப்பும் சாக்லேட் பூச்சும் இருந்தால் கீழே வைத்துவிடலாம். கொலாஜன், ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதங்கள்) என்று இருந்தால் கிராம் கணக்கு ஏறும், ஆனால் அவற்றில் டிரிப்டோபேன் கிடையாது. அது உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத, சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டிய ஓர் அமினோ அமிலம், அதாவது புரோட்டீனின் ஒரு கட்டுமானத் துண்டு. பால், சோயா, முட்டைப் புரதம் மேல்.

பழைய வண்ணாரப்பேட்டை: அப்பாவுக்குச் சுகர். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று போட்ட பேரீச்சம்பழ பார் கொடுக்கலாமா?

சேர்க்கவில்லைதான், ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே! காய்ந்த பேரீச்சையில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. லேபிளில் "மொத்தச் சர்க்கரை" என்ற வரியைப் பாருங்கள். அப்பாவுக்குச் சுண்டல் ஒரு கிண்ணம் கொடுங்கள், போதும்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அண்ணி: ஓவன் கிடையாது. கடை விலையும் கட்டுப்படியாகவில்லை. வீட்டில் செய்ய வழி சொல்லுங்க.

ஓவனே வேண்டாம் அண்ணி. பொட்டுக்கடலை 100 கிராம் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 50 கிராமை மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். கொட்டை நீக்கிய பேரீச்சை 100 கிராமைச் சுடுதண்ணீரில் 10 நிமிஷம் ஊறப்போட்டு விழுதாக்குங்கள். சுவை சேர்க்காத வே (whey, பால் திரிந்தபின் பிரியும் தண்ணீரிலிருந்து எடுப்பது) புரோட்டீன் பவுடர் 60 கிராம், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் பிசையுங்கள். வே பவுடர் தண்ணீரை இழுக்கும், உதிர்ந்தால் ஸ்பூன் ஸ்பூனாகப் பால் விடுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் பிசுபிசுத்துப்போகும். எண்ணெய் தடவிய தட்டில் அழுத்தி 2 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து 8 துண்டு போடுங்கள்.

ஒரு துண்டில் ஏறத்தாழ 10 கிராம் புரோட்டீன், 150 கலோரி. நான் மேலே சொன்ன பத்து மடங்குக் கணக்குக்கு இது எட்டாது, மறைக்கவில்லை. ஆனால் என்ன போட்டோம் என்று நமக்குத் தெரியும். வே வாங்க முடியாவிட்டால் அதே அளவு கொழுப்பு நீக்கிய பால் பவுடர் போடலாம். புரோட்டீன் 7 கிராமாகக் குறையும், கலோரி அப்படியேதான். கடலையும் பேரீச்சையும் சௌகார்பேட்டையில் மொத்தமாக வாங்குங்கள். 5 நாளுக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் கெட்டியாகிப் பல்லைப் பிடிக்கும்.

முக்கியம்: ருசியாக இருக்கிறதென்று மூன்று துண்டு தின்றால் 450 கலோரி.

கொருக்குப்பேட்டை: கடை பார் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, ஒரே வாயு.

மால்டிடால், சார்பிடால் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சர்க்கரைக்குப் பதிலாகப் போடுபவை, முழுசாகச் செரிக்காது. அளவு கூடினால் வயிற்றாலே போகும். சிக்கரி நார் (சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் நார்ச்சத்து) என்று இருந்தாலும் வாயு வரும். இரண்டுமில்லாத பாராக மாற்றிப் பாருங்கள்.

வியாசர்பாடி, 17 வயது: குத்துச்சண்டை பழகுகிறேன். எடைப் பிரிவுக்காக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் பார் சாப்பிடட்டுமா அண்ணா?

அண்ணா இல்லை, அக்கா. வேண்டாம் தம்பி. வளர்கிற வயசு, பயிற்சியும் கடுமை. ஒரு பார் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாது. போட்டிக்குச் சில நாள் முன்னால் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தி எடை இறக்கினால் ரிங்கில் கால் தள்ளாடும். கோச்சிடம் இப்போதே பேசு. மேல் பிரிவில் ஆடுவதில் ஒரு அவமானமும் இல்லை. பயிற்சி முடிந்ததும் 2 முட்டை சாப்பிடு, 12 கிராம் புரோட்டீன் கிடைக்கும்.

எண்ணூர்: அம்மாவுக்குக் கிரியேட்டினின் அதிகம். பார் தரலாமா?

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு, ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். சிறுநீரக மருத்துவர் சொல்லாமல் ஒரு துண்டுகூடத் தராதீர்கள். அவர்களுக்குப் புரோட்டீன் அளவை அவர்தான் நிர்ணயிக்க வேண்டும்.

காசிமேடு: வீட்டில் தினமும் மீன். எனக்கு பார் தேவையா?

எதற்கு? 100 கிராம் மீனிலேயே 20 கிராமுக்கு நெருக்கமாகப் புரோட்டீன், அதுவும் நேற்றுவரை கடலில் இருந்தது. வறுக்காமல் குழம்பாக வையுங்கள், சோற்றை ஒரு கரண்டி குறையுங்கள்.