பாலூவை நிறுத்துமுன் அது எந்த ஃபைலில் நிற்கிறது என்று பாருங்கள்

லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மா 6-இல், ஃபைல்களைத் தேடுவதற்கான இன்டெக்ஸைத் (சொற்பட்டியலை) தயாரிக்கும் பாலூ எப்போதும் சிபியுவை விழுங்குகிறது, ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளையில் 256 ஜிபி நினைவகம் என்று காட்டுகிறது, இவ்வளவுக்குப் பிறகும் ஃபைல் மேலாளரான டால்ஃபினில் தேடினால் ஃபைல் கிடைப்பதில்லை, ஒரேயடியாக நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம். இணையத்தில் எங்கே கேட்டாலும் முதலில் வரும் பதில் அதுதான், ஆனால் பெரும்பாலும் கோளாறு பாலூவில் இருக்காது, ஏதோ ஒரு ஃபோல்டரில் இருக்கும்.

அந்த 256 ஜிபியை மறந்துவிடுங்கள். அது ‘விர்ட்’ பத்தியில் வரும் எண். பாலூ தன் இன்டெக்ஸை எல்எம்டிபி தரவுத்தளத்தில் வைக்கிறது. அதற்காக முன்கூட்டியே ஒதுக்கிய முகவரி இடம்தான் அது, ரேம் இல்லை. ரேம் எவ்வளவு போகிறது என்று அறிய ‘ரெஸ்’ பத்தியைப் பாருங்கள்.

அடுத்து, சிபியு எகிறும் நேரத்தில் டெர்மினலைத் திறந்து ‘பாலூசிடிஎல்6 மானிட்டர்’ (balooctl6 monitor) கொடுங்கள். எந்த ஃபைலைப் படிக்கிறது என்று வரிவரியாக ஓடும். ஒரே பெயரில் நின்றுவிட்டால் சிக்கல் அந்த ஃபைலில். ஒரே ஃபோல்டரின் பெயர்கள் முடிவில்லாமல் ஓடினால் அந்த ஃபோல்டரில்.

ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் மடிக்கணினியில் இதைத்தான் பார்த்தேன். சிமுலேஷன் முடிவுகள், முழுக்க எண்களாகவே நிறைந்த சின்னச் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்கள். 10 எம்பிக்கு மேற்பட்ட டெக்ஸ்ட் ஃபைலின் உள்ளடக்கத்தை பாலூ தொடாது. ஆனால் இவை எல்லாம் அதற்குக் கீழே. ஒவ்வொரு எண்ணும் பாலூவுக்குப் புதுச் சொல்தான், இன்டெக்ஸ் ஊதிக்கொண்டே போனது. யாரும் அந்த எண்களைத் தேடப்போவதில்லை.

அப்படி ஒன்று சிக்கினால், சிஸ்டம் செட்டிங்ஸில் ஃபைல் தேடல் பகுதிக்குப் போய் அந்த ஃபோல்டரை விலக்குங்கள். அதன் பிறகு ‘பாலூசிடிஎல்6 பர்ஜ்’ (balooctl6 purge) கொடுத்து பழைய இன்டெக்ஸை அழியுங்கள். இந்த வரிசை முக்கியம். விலக்காமல் இன்டெக்ஸை மட்டும் அழித்தால், அது திரும்ப அதே ஃபைல்களிடம்தான் போய் நிற்கும்.

இனி, தேடினால் கிடைக்காத விஷயம். மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது பாலூ உள்ளடக்கத்தைப் படிப்பதை நிறுத்திவைக்கும். சார்ஜரே போடாமல் வேலை செய்பவர்களுக்கு இன்டெக்ஸ் பாதியிலேயே நிற்பது இதனால்தான். ‘பாலூசிடிஎல்6 ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் எத்தனை ஃபைல்கள் காத்திருக்கின்றன என்று தெரியும், ஓர் இரவு சார்ஜில் விட்டுவிடுங்கள். ஃபைல் பெயரின் நடுவில் வரும் துண்டைத் தேடினாலும் கிடைக்காது, பாலூ சொல்லின் தொடக்கத்தைத்தான் ஒப்பிடும். அந்த மாதிரித் தேடலுக்கு கேடிஇயின் இன்னொரு தேடல் நிரலான கேஃபைண்ட் நல்லது, இன்டெக்ஸ் இல்லாமல் நேரடியாகத் தேடும்.

தமிழ் பிடிஎஃப்கள் வைத்திருந்தால் இன்னொன்றும் உண்டு. ஸ்கேன் செய்த பக்கங்களுக்குள் எழுத்தே இல்லை, வெறும் படம்தான். பாலூ படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்களோ திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் தட்டித் தேடினால் எப்படிக் கிடைக்கும்? முதல் வகைக்கு, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெஸராக்ட் நிரல் மூலம் எழுத்தைச் சேர்க்க வேண்டும், இரண்டாவதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

மானிட்டரில் எந்தப் பெயர் நிற்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.